ஹாவொர்த்துக்கு வந்த பாதிரியார்

இங்கிலாந்தில், யார்க்ஷயர் மலைச்சரிவில், ஹாவொர்த் என்று ஒரு கிராமம். கம்பளி நெசவு அதன் பிழைப்பு. 1819-ல் அங்கிருந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் காலமானார். அடுத்தவரை நியமிக்கும் உரிமை பிராட்ஃபோர்டு நகரத்துத் தலைமைக் குருவுக்கு. ஆனால் சம்பளத்துக்கு ஆதாரமான நிலங்களோ உள்ளூர்த் தர்மகர்த்தாக்களின் கையில்! முதலாம் எலிசபெத் ராணி காலத்துப் பத்திரம் அது. தங்களைக் கேளாமல் அனுப்பப்படுகிறவருக்குச் சல்லிக் காசும் கிடையாது என்பது அவர்கள் கட்சி.

தலைமைக் குரு முதலில் குறித்தது, பக்கத்துத் தார்ன்டனில் இருந்த பாட்ரிக் பிரான்டே என்ற ஐரிஷ்காரரை. அவர்மீது ஊராருக்கு வருத்தமில்லை, அனுப்பியவர் மீதுதான். அவரும் விலகிக்கொண்டார்.

அடுத்து வந்த சாமுவேல் ரெட்ஹெட் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஆராதனை நடுவிலேயே ஜனங்கள் மரக்கட்டைச் செருப்புகள் தடதடக்க வெளியேறினார்கள். மறு ஞாயிறு, கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்த ஒருவன், தலையில் பழைய தொப்பிகளை அடுக்கிக்கொண்டு கோயிலுக்குள் வந்தானாம். இதை 1857-ல் எழுதிய காஸ்கெல் அம்மையாரும் நாவலாசிரியைதான். எங்கள் ஜாதிக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் சில வாரங்களில் ரெட்ஹெட் ராஜினாமாச் செய்தது சரித்திரம்.

பிறகுதான் சமரசம். இரு தரப்பும் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. யாரை? அதே பிரான்டேயை! 1820 ஏப்ரலில், மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் அவர் வந்து சேர்ந்தார். சார்லட்டுக்கு நான்கு வயது, எமிலிக்கு ஒன்றரை, ஆன் கைக்குழந்தை. 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்' இரண்டும் 1847-ல் வெளியானபோதும் அவர்தான் அங்கே பாதிரியார்.

நாற்பத்தொரு வருஷம் அதே வீட்டில் இருந்து, 1861-ல் இறந்தார். மனைவியும் ஆறு குழந்தைகளும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.