ஜகார்த்தா 1962: முன்னால் நகர்ந்த ஸ்டாப்பர்

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவின் செனயான் மைதானத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று, ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கத்தை இந்தியா வாங்கியது. அந்த வெற்றியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, புற்றுநோய் முற்றிய நிலையிலிருந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் வீரர்களிடம் உருக்கமாகப் பேசியதுதான் முதலில் வருகிறது. பேச்சு அவர்களை உலுக்கியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதையே காரணமாகச் சொல்லிச் சொல்லி, ரஹீமின் உண்மையான உழைப்பை நாம் மறைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று அந்தச் சில நாட்களில் அவர் எடுத்த முடிவுகள்தான் தங்கத்தைக் கொண்டுவந்தன.

ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் இது தெரியும். முதல் ஆட்டத்திலேயே இதே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தபோது, ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. தடுப்பின் நடுத்தூணே சாய்ந்த மாதிரிதான். ஜப்பானுடன் அவர் இல்லாமலே ஆடி 2-0 என்று வென்றார்கள். அரையிறுதிக்கு அவர் திரும்பியபோது, ரஹீம் அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பவில்லை. பின்னால் நடுவை அருண் கோஷிடம் விட்டுவிட்டு, தலைத் தையலோடு ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தென் வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல் போட்டார். இறுதியாட்டத்தில் 17ஆம் நிமிடம் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்றே நிமிடத்தில், சக வீரர் ஃபிராங்கோ அடித்த ஃப்ரீ கிக்கை ஜர்னைல் கோலாக்கினார். கோல்கீப்பர் விஷயத்திலும் இதே துணிச்சல்தான். அரையிறுதியில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதியாட்டத்துக்கோ, காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் நிறுத்தினார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடிய, நல்ல உயரமான ஆள் அவர். கொரியர்களால் கடைசி நிமிடங்களில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது.

இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடாததால் போட்டியே இளைத்துவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. 1954, 1958 இரண்டு முறையும் தங்கம் வென்றது தைவான் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1960 ஆசியக் கோப்பையில் அந்த இரண்டு அணிகளையுமே தோற்கடித்துச் சாம்பியனானது தென்கொரியாதானே! அந்தத் தடையைக் கண்டித்து இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி குரல் கொடுத்ததால் ஜகார்த்தாவே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்தது. நம் தேசிய கீதத்தின்போதும் மைதானத்தில் கூச்சல். நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள். சுனி கோஸ்வாமி, பலராம், பானர்ஜி என்று இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் இருந்தால் யார் பயிற்சியாளராக இருந்தாலும் ஜெயித்திருக்கலாமே என்பது இன்னொரு வாதம். இவர்கள் இருந்த அணிதான் முதல் ஆட்டத்தில் தோற்றது. நடுவில் மாறியது ஆட்களை நிறுத்திய விதம்.

1963 ஜூனில் ரஹீம் இறந்தார். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியது. 1970இல் அதே பாங்காக்கில் வெண்கலம் வாங்கிய அணிக்கு, ரஹீமிடம் ஆடிப் பழகிய பி.கே. பானர்ஜி பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தார்.