பாரத்தில் எழுத்து ஏன் நடுவில் போய் நிற்கிறது?

பைத்தன் கற்கும் மாணவர்கள் ஆலயத்துக்கோ சங்கத்துக்கோ ஓர் உறுப்பினர் பாரம் செய்து பார்ப்பதுண்டு. பெயர், தந்தை பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் என்று கீழ்க்கீழாக நான்கு லேபிள்கள்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிரப்புவதற்கு ஒரு கட்டம். ஓட்டிப் பார்த்தால் 'பெயர்' என்ற சிறு சொல் நடுவில் மிதக்கிறது. 'அடையாள அட்டை எண்' இரு பக்கமும் நீண்டு நிற்கிறது. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருக்கிறது. நிரப்புபவர் வயதானவர் என்றால் சிரமம் இன்னும் அதிகம்.

இது நிரல் பிழையன்று. பைத்தனுடன் வரும் டிகிண்டர், ஜான் ஆஸ்டர்ஹவுட் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய டிகே கருவித்தொகுப்பைப் பயன்படுத்துகிறது. எதுவும் சொல்லாவிட்டால் லேபிளை நடுவில் வைப்பதே அதன் வழக்கம்.

பலரும் முதலில் 'ஜஸ்டிஃபை'யை இடப்பக்கமாக மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றும் நகராது. ஒரே லேபிளில் பல வரிகள் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று எப்படி நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. (பெயரைப் பார்த்து, நாளிதழ்ப் பத்தியைப் போல இரு ஓரமும் சமமாகும் என்று எண்ண வேண்டாம், இடம், நடு, வலம் மட்டுமே உண்டு.)

அடுத்தது 'ஆங்கர்'. லேபிளுக்குள் எழுத்து நிற்கும் இடத்தைத் திசைகளால் குறிக்கும். மேற்கைக் குறிக்கும் 'டபிள்யூ' என்றால் இடப்பக்கம். ஆனால் அகலம் தராவிட்டால் லேபிள் எழுத்தின் அளவுக்கே சுருங்கிவிடும். நகர இடமே இருக்காது.

உண்மையான காரணம் வெளியே இருக்கிறது. 'கிரிட்' முறையில் மிக நீளமான லேபிள்தான் பத்தியின் அகலத்தைத் தீர்மானிக்கும். குட்டை லேபிள்கள் அந்த அகலத்தின் நடுவில் நிற்கும். கிரிட்டின் 'ஸ்டிக்கி'க்கு 'டபிள்யூ' கொடுத்தால் எல்லாம் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் வந்துவிடும். கிழக்கைக் குறிக்கும் 'ஈ' கொடுத்தால் சொற்கள் கட்டத்தை ஒட்டி நிற்கும். அதுவும் அழகுதான்.

டிகிண்டரின் புதிய 'டிடிகே' லேபிளில் எழுத்து இடப்பக்கமே தொடங்கும். ஆனாலும் கிரிட்டில் லேபிள் நடுவில்தான் அமரும். ஸ்டிக்கி அங்கும் தேவை.

லினக்ஸில் புழங்கும் ஜிடிகே தொகுப்பிலும் இதே குழப்பம் உண்டு. அதில் ஜஸ்டிஃபை இயல்பாகவே இடப்பக்கம். ஆனால் எழுத்தின் இடத்தைச் சொல்லும் 'எக்ஸ்அலைன்' 0.5, அதாவது நடு. அதை 0 ஆக்க வேண்டும். க்யூடி தொகுப்பில் இந்தத் தொல்லை குறைவு: லேபிள் எழுத்து இயல்பாகவே இடப்பக்கம் ஒட்டி, உயரத்தில் மட்டும் நடுவில் நிற்கும்.