9418: ஒரு கதவு சாத்தப்பட்ட கதை

இந்தப் பதிவு கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் ஆணி. எம்பெடட் லினக்ஸில் பொட்டி தட்டாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

2022 மார்ச் 15 அன்று கிட்ஹப் தன் வழங்கிகளில் 9418 என்ற எண்ணுள்ள போர்ட்டை நிரந்தரமாக மூடியது. எந்த நாளிதழிலும் இது தலைப்புச் செய்தி இல்லை. ஆனால் நேற்று வரை ஒழுங்காக ஓடிய பில்டுகள் பல இடங்களில் அன்றோடு நின்றன, நிரலில் யாரும் ஒரு வரிகூட மாற்றாமலே. நான்கைந்து வருடம் பழைய போர்டு ஒன்றை யாராவது தூசி தட்டி எடுத்தால், இன்றைக்கும் அதே கேள்வி என்னிடம் வருகிறது. அதனால்தான் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பில்டு என்றால் என்ன? ரௌட்டர், டிக்கெட் மெஷின், ஆஸ்பத்திரி மானிட்டர் இதற்குள் ஓடும் லினக்ஸை நாமே மூலநிரலிலிருந்து சமைக்கிறோம். யோக்டோ திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ரெசிபி உண்டு. ரெசிபிக்குள் மளிகைச் சாமான் இருக்காது, எந்தக் கடையில் போய் வாங்கு என்ற முகவரிதான் இருக்கும். பிட்பேக் என்ற நிரல் அதைப் படித்து, கடை கடையாகப் போய் வாங்கி வந்து சமைக்கும். நூற்றுக்கணக்கான ரெசிபிகளில் ஒரு கடை பூட்டியிருந்தாலும் சமையல் நின்றுவிடும்.

இனி சரித்திரம். 2005 ஏப்ரலில், பிட்கீப்பரின் இலவச உபயோகம் கைவிட்டுப் போனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே வருடம் கிட் டீமன் வந்தது. பயனர் பெயர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. 9418-ல் வந்து கதவைத் தட்டுபவர் யாராக இருந்தாலும் நிரலை எடுத்துக்கொண்டு போகலாம். ஊருக்கெல்லாம் பொதுவான நிரலுக்குப் பூட்டு எதற்கு என்ற எண்ணம், அந்தக் காலத்துக்கு நியாயமானதுதான்.

வேகமும் ஒரு காரணம். உன்னிடம் என்ன இருக்கிறது என்று டீமன் கேட்டு, இல்லாததை மட்டும் கட்டி அனுப்பும். அன்றைய எச்டிடிபி வழியில் வழங்கிக்குக் கிட் என்றால் என்னவென்றே தெரியாது, கோப்புகளைக் கேட்டபடி எடுத்துக் கொடுப்பதோடு சரி. கிட் 1.6.6 பதிப்பில்தான் அந்தப் பக்கத்துக்கும் புத்தி வந்தது. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. 2003-ல் ஓப்பன்எம்பெடட் தொடங்கி, 2004-ல் பிட்பேக் அதிலிருந்து தனியாகப் பிரிந்து, 2008-ல் கிட்ஹப் வந்து, 2010-ல் யோக்டோவும் வந்தாயிற்று. எந்த வழியாக எடுப்பது என்று ரெசிபியில் சொல்லாவிட்டால், பிட்பேக் கிட் நெறிமுறையையே எடுத்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்காமலே அது ஏராளமான ரெசிபிகளில் குடியேறியது.

சிக்கல் என்னவென்றால், மறுமுனையில் பேசுவது நிஜமான வழங்கிதானா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ரெசிபியில் கமிட் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். 'கிளையில் கடைசியாக இருப்பதை எடு' என்று எழுதியிருந்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவன் கொடுப்பதுதான் உங்கள் நிரல். 2021 செப்டம்பரில் கிட்ஹப் இதை நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2022 ஜனவரி 11 அன்று கொஞ்ச நேரம் மூடி ஒத்திகை பார்த்தது, மார்ச்சில் முழுதாகச் சாத்தியது.

இதில் ஒரு வேடிக்கை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் 80, 443 தவிர வேறு போர்ட் எதுவும் வெளியே போகாது. 9418 அங்கே என்றைக்குமே திறந்ததில்லை. எனவே கிட் அமைப்பில் 'இன்ஸ்டெட்ஆஃப்' என்ற வரியைப் போட்டு, கிட் முகவரி எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ் ஆக மாற்றித்தான் பிழைப்பை ஓட்டினோம். ஃபயர்வாலைத் திட்டியபடியே எழுதிய அந்த வரிதான் 2022-ல் பலருக்கு முதலுதவி.

ஆனால் முதலுதவி வைத்தியமாகாது. அந்த வரி உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் பொட்டியில் இருக்காது, பில்டு வழங்கியிலும் இருக்காது. சரியான வழி ரெசிபியில் நெறிமுறை எச்டிடிபிஎஸ் என்று எழுதுவது. யோக்டோக்காரர்கள் 2021 நவம்பரிலேயே இதற்கு ஒரு மாற்று ஸ்கிரிப்ட் கொடுத்தார்கள். கிட்ஹப் முகவரி என்றால் தானாகவே எச்டிடிபிஎஸ்க்கு மாறி எச்சரிக்கை காட்டும்படி பிட்பேக்கையும் திருத்தினார்கள். ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்புகளில் மாட்டிக்கொண்டவர்கள், சிப் நிறுவனம் கொடுத்த லேயரைக் கிளறாமல், தங்கள் சொந்த லேயரில் அப்பெண்டு கோப்பு போட்டு முகவரியைத் திருத்துவது நல்லது.

அதோடு முடியாது. நெறிமுறை சரியானதும் அடுத்த பிழை எட்டிப் பார்க்கும். மாஸ்டர் கிளை மெயின் என்று பெயர் மாறியிருக்கும், பிட்பேக் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். கிளைப் பெயரையும் எழுதுங்கள். சப்மாட்யூல்களுக்குள் பழைய முகவரி ஒளிந்திருக்கும், அங்கே இன்ஸ்டெட்ஆஃப் இன்னும் தேவைப்படலாம். பழைய உபுண்டுவில் பில்டு ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தகராறு வேறு. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியாகி, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பல தளங்களை ஏற்க மறுத்தது. கடுப்பில் சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பூட்டு வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிற வேலை அது. சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள்.

9418 முதல் கதவும் அல்ல. கூகிள் கோடு 2016 ஜனவரியில் மூடியது. கர்னல் தளத்தின் எஃப்டிபி 2017 மார்ச்சிலும், டெபியனின் பொது எஃப்டிபி அதே வருடம் நவம்பரிலும் நின்றன. டெபியனின் அலியாத் 2018-ல் போனது. மூடியவர்கள் ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருந்தது, முன்னறிவிப்பும் கொடுத்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு, பொருளை விற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்ட குழுவின் காதுக்கு எட்டாது.

என் கவலை இதுதான். ஒரு தொழிற்சாலைக் கருவி பத்து, பதினைந்து வருடம் ஓடும். அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவருகிறது, அடைக்க ஒரே வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் திரும்பச் சமைக்கச் சாமான் கிடைக்கவில்லை என்றால், ஓட்டையோடுதான் கருவி ஓடும். ஜிபிஎல் கணக்கும் இருக்கிறது. மூலநிரலைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் 'இணையத்தில் இருந்தது, இப்போது காணோம்' என்று கையை விரிக்க முடியாது.

எனவே பில்டின் தரவிறக்கக் கோப்புறையை ஒவ்வொரு வெளியீட்டோடும் சேமித்து வையுங்கள். கிட் களஞ்சியங்களையும் டார் கோப்பாகக் கட்டி வைக்கும் வசதி பிட்பேக்கில் உண்டு. அதை இயக்கி, அந்தக் கிடங்கையே முதலில் தேடும்படி அமையுங்கள். பொருள் வெளியே போவதற்கு முன், வெறும் பொட்டி ஒன்றில் வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை முழு பில்டு ஓட்டிப் பாருங்கள். அது முடிந்தால்தான் அந்த நிரல் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கொசுறு: கிட் டீமன் இன்னும் சாகவில்லை. இன்றைக்கும் கிட்டோடு சேர்ந்தேதான் வருகிறது. நம்பிக்கையான உள்வலையில் நாலு பேருக்கு நிரல் கொடுக்க இன்னமும் நல்ல வேலைக்காரன்.