பேச்சு, மொழி இடர்ப்பாடுகளை வகுப்பறையில் கண்டறிதல்

பேச்சு, மொழி இடர்ப்பாடுள்ள பிள்ளைகளைக் கண்டறிவதில் ஆசிரியரின் பங்கு கவனித்துக் குறித்துவைத்து உரியவரிடம் அனுப்புவதாகும். இன்ன குறைபாடு என்று உறுதிசெய்வது பேச்சு, மொழி வல்லுநரின் வேலை. ஒலி பிறழ்வதும் திக்குவதும் பேச்சு இடர்ப்பாடுகள். சொல் கிடைக்காமல் தடுமாறுவது, வாக்கியம் கோக்க வராதது, கேட்டது விளங்காதது ஆகியவை மொழி இடர்ப்பாடுகள்.

பேச்சு இடர்ப்பாடு காதில் விழுந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலும் 'காக்கா'வைத் 'தாத்தா' என்னும் பிள்ளை முதல் வாரமே தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பிறழ்வும் இடர்ப்பாடாகாது: ர, ற, ழ பிந்திப் படியும் ஒலிகள். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பது பல வட்டாரங்களில் இயல்பான பேச்சே. திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. திக்கிவிடுமோ என்று அஞ்சி, வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்லாமல் கையை மட்டும் தூக்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டும்.

மொழி இடர்ப்பாடு அவ்வளவு எளிதில் பிடிபடாது. காரணம் புலப்படாத மொழிக் குறைபாடு, பள்ளியில் சேரும் வயதினரில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வு கணித்தது. "நோட்டை எடு, தேதி போடு, மூணாவது கணக்கை எழுது" என்றதும் மொழி இடர்ப்பாடுள்ள பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறக்கும். கதை சொல்லச் சொன்னால் 'அது... அங்க... அவன் அதை...' என்று நிற்கும். குறும்பு செய்தால் கவனமில்லாதவன் என்ற பெயர். அடங்கியிருந்தால் அதுகூட இல்லை, ஆண்டு முழுதும் யார் கண்ணிலும் படாது.

வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளையும், திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளையும் தமிழில் திணறுவதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறது என்று தாயிடம் கேட்பதே சரியான சோதனை. செவித்திறனையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: நடுக்காதில் நீர் கோத்தால் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகும்.

'சரியாகப் பேசுவதில்லை' என்ற குறிப்பால் பயனில்லை. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, தேதியிட்டு எழுதிவைத்தால் வட்டார வள மையச் சிறப்பாசிரியருக்கு உதவும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போதும் அதைக் காட்டலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் உடல் அல்லது நரம்புக் காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாடு என்றே சட்டம் அதை வரையறுப்பதால், காரணம் புலப்படாத மொழி இடர்ப்பாட்டுக்குச் சான்று பெறுவது கடினம். சான்று இல்லாவிட்டாலும் ஆசிரியர் மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். பதிலுக்குச் சற்றுக் காத்திருக்கலாம்.