அவசரகாலம் தந்த அடையாள அட்டை

உங்கள் பையில் இருக்கும் மைகாட் அட்டையைச் சற்று வெளியே எடுத்துப் பாருங்கள். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போனால் கேட்பார்கள், அதற்காகத்தான் இது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் இதன் மூதாதை பிறந்தது துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே.

1948 ஜூன் 16ஆம் நாள், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டில் ஆட்பதிவுச் சட்டவிதிகளும் வந்தன. 12 வயதை எட்டிய ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, நிழற்படம் எடுத்து, பெருவிரல் ரேகை வைத்து, ஒரு காகித அட்டையைப் பெற வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் அது கையில் இருக்க வேண்டும். 1949க்குள் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதியப்பட்டனர்.

அரசின் கணக்கு எளிமையானது. காட்டில் ஆயுதம் ஏந்தி நிற்பவன் பதிவுக்கு வரமாட்டான். அட்டை இல்லாதவன் சாலைத் தடுப்பில் சிக்குவான். ஊரில் இருப்பவன் யார், காட்டில் இருப்பவன் யார் என்று பிரிப்பதற்குச் செய்த சல்லடைதான் அந்த அட்டை.

மக்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1942 பிப்ரவரியில், சிங்கப்பூரை வென்ற ஜப்பானியர்கள் சீன ஆடவர்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். தப்பியவர்களுக்கு ஒரு முத்திரை. காகிதம் கிடைக்காதவர்களுக்குச் சட்டையிலோ கையிலோ குத்தினார்கள். அந்த மை அழிந்துவிடுமே என்று கையைக் கழுவாமல் இருந்தவர்கள் உண்டு. ‘சூக் சிங்’ எனப்படும் அந்தக் களையெடுப்பில் முத்திரை கிடைக்காதவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. ஒரு துளி மைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்ட தலைமுறை அது.

நம் தோட்டத்துப் பாட்டாளிகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறார்கள். இரப்பர்க் காடு முடியும் இடத்தில் பெருங்காடு தொடங்குகிறது. அங்கிருந்து வரும் கம்யூனிஸ்டுகாரர்கள் முதலில் கேட்டது பணத்தை அல்ல, அடையாள அட்டையைத்தான். பேருந்துகளை மறித்தும் தோட்டங்களுக்குள் புகுந்தும் அட்டைகளைப் பறித்தார்கள், கிழித்தார்கள், எரித்தார்கள். பதிவுக் குழுவினரும் நிழற்படக்காரர்களும் மிரட்டப்பட்டனர். கொல்லப்பட்டவர்களும் உண்டு. அட்டையைக் கொண்டு போனால் இவர்கள் பறிப்பார்கள். வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனால் மாத்தா பிடிப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதானே?

இந்தப் பறிப்பு கம்யூனிஸ்டுகளுக்கே வினையாக முடிந்தது. அட்டையை இழந்த ஏழைக்கு வேலைக்குப் போகவும் வழியில்லை, அரிசி வாங்கவும் வழியில்லை. அவன் கோபம் அரசின் மீது திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். அது அவர்கள் மீதே திரும்பியது. 1951 அக்டோபரில் கட்சித் தலைமையே, அட்டைகளைப் பறிப்பதை நிறுத்துங்கள் என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டது. துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பணிய வைத்த காகிதம் என்றே நான் அதைச் சொல்வேன்.

1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குள் குடியமர்த்தப்பட்டனர். தோட்ட லயங்களைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு, உணவுக்குப் பங்கீடு. சில இடங்களில் அரிசியாகக் கொடுத்தால் காட்டுக்குப் போய்விடும் என்று பொது அடுப்பில் ஆக்கிய சோற்றைத்தான் கொடுத்தார்கள்.

இத்தனையும் பட்ட நம்மவர்கள், அந்த அட்டையைக் கண்ணின் மணிபோல் காத்தார்கள். காத்தது சரிதான். ஆனால் அது குடியுரிமைச் சான்று அல்ல. குடிமகனா இல்லையா என்று பார்த்து அந்த அட்டை கொடுக்கப்படவில்லை. ‘எனக்குத்தான் ஐசி இருக்கிறதே, இன்னும் என்ன மனு?’ என்ற எண்ணம் தோட்டப்புறங்களில் வேரூன்றிவிட்டது. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பத்து ஆண்டுகளாகச் செல்லுபடியான காகிதம், இங்கே மட்டும் செல்லாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எத்தனை பேர் போனார்கள்?

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் மனுச் செய்ய, மொழித் தேர்வு இல்லாமல் ஓராண்டு அவகாசம் இருந்தது. அந்த ஓராண்டைப் பலர் கோட்டைவிட்டனர். 1962 அக்டோபர் முதல் சட்டம் இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. அப்பாவின் பெட்டியில் இல்லாத காகிதம் பிள்ளையின் தலையெழுத்தில் வந்து நின்றது.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. ஆட்பதிவு முடியவில்லை. 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. பின்னாளில் அட்டையின் நிறமே ஆளைப் பிரித்தது: குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் முனைப்பாக அமலாக்கப்பட்டபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. முள்வேலிக்குள் அவசரகாலம் முழுவதையும் கழித்தவர்களில் எத்தனையோ பேர், அட்டை இருந்தும், கப்பலேறித் தமிழகம் போய்ச் சேர்ந்தார்கள்.

போகாமல் தங்கியவர்களின் கதை 2011 பிப்ரவரியில் மீண்டும் வெளியே வந்தது. ‘மைடாஃப்தார்’ என்ற பதிவு இயக்கம் அப்போது நடத்தப்பட்டது. சிவப்பு அட்டையோடே முதுமை எய்தியவர்களும், பிறப்புப் பத்திரமே இல்லாத பேரப்பிள்ளைகளும் அதில் வந்து மனுக் கொடுத்தார்கள். அந்த ஓராண்டு அவகாசம் முடிந்து அப்போது 52 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.