தாயின் நிலையே சேயின் நிலை: 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் குடும்பமும் சட்டமும்

வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் குடும்பம் என்பது மனைவி, மக்கள், பணியாளர், அடிமைகள் என ஒரு வீட்டுத் தலைவனின் ஆளுகைக்கு உட்பட்ட அனைவரையும் குறித்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது; அவள் ஈட்டிய கூலியும் கொண்டுவந்த அசையும் பொருளும் கணவனைச் சேர்ந்தன; குழந்தையின் குலமும் தகுதியும் தந்தையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. இத்தகைய தந்தைவழிச் சமூகம், 1662-இல், ஒரு சாரார் குழந்தைகளுக்கு மட்டும் தாயின் நிலையை அளவுகோலாக்கியதன் காரணத்தைப் புகையிலைத் தோட்டத்தின் அன்றாட வாழ்விலிருந்தே தேடத் தொடங்க வேண்டும்.

1607-இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய வர்ஜீனியாவுக்கு, கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்ட ஒப்பந்தப் பணியாளர்களே பெரும்பாலும் வந்தனர். அவர்களில் பெண்கள் மிகக் குறைவு. உரிமையாளரின் இசைவின்றிப் பணியாளர் மணம் செய்துகொள்ள இயலாததால் பெண்கள் காலம் தாழ்த்தியே மணந்தனர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கணவனையோ மனைவியையோ விரைவில் பறித்தமையால், மறுமணமும் மாற்றான் தாய் மக்களும் ஒரே கூரையின்கீழ்க் கலந்த குடும்பங்களே இயல்பாயின. பெற்றோரை இழந்த குழந்தைகளின் சொத்தைக் காப்பாளர்கள் கையாண்ட விதத்தை உள்ளூர் நீதிமன்றங்கள் மேற்பார்வையிட்டன. உணவின் அடிப்படை மக்காச்சோளம். குடைந்த மரக்கட்டையே உரலாக, பகலெல்லாம் களத்தில் உழைத்தவர்கள் அந்தியில் அதைக் கைவலிக்க இடித்தாக வேண்டும். அதன் பிறகே அடுப்பு எரியும். புகையிலை இலைகளைத் தின்னும் பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி நசுக்கும் வேலை சிறுவர்களுக்கும் வாய்த்தது.

உழைப்பு பொதுவாக இருந்தும், அதைச் சட்டம் பார்த்த பார்வை 1643-இலேயே பிரிந்தது. அவ்வாண்டு ஆப்பிரிக்கப் பெண்கள் தலைவரிக்கு, அதாவது உழைக்கும் ஆட்களின் எண்ணிக்கைப்படி விதிக்கப்பட்ட வரிக்கு, உட்படுத்தப்பட்டனர். ஆங்கிலேய மனைவியருக்கு அவ்வரி இல்லை. ஒருத்தி இல்லத்தாள் என்றும் மற்றொருத்தி களத்து உழைப்பாளி என்றும் வகுத்த இந்தக் கோடு, பின்வந்த கொடுமைகளுக்கெல்லாம் முன்னோடி எனக் கருத இடமுண்டு.

ஆயினும் அடிமைநிலை பரம்பரையானதா என்பது அப்போது தெளிவாகவில்லை. எலிசபெத் கீயின் வழக்கு அதற்குச் சான்று. ஆங்கிலேயரும் சட்டமன்ற உறுப்பினருமான தாமஸ் கீக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் பிறந்த அவரை, 1636-இல், ஒன்பது ஆண்டுகள் பணிபுரியுமாறு தந்தை வேறொருவரிடம் ஒப்படைத்தார். காலம் கடந்தும் அவர் விடுவிக்கப்படவில்லை. பின்னர் அவரை வைத்திருந்த கர்னல் ஜான் மாட்ராம் 1655-இல் இறந்தபோது, எலிசபெத்தும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தவரின் சொத்துகளோடு கணக்கிடப்பட்டனர். குழந்தையின் தந்தையாகிய வில்லியம் கிரின்ஸ்டெட் சட்ட அறிவு கொண்ட ஆங்கிலேயர். எலிசபெத்துக்காக வழக்காடியவரும் அவரே. தந்தை சுதந்திரர், எலிசபெத் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவர், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்னும் மூன்று வாதங்கள் முன்வைக்கப்பட்டன. தீர்ப்பு மேல்முறையீட்டில் ஒருமுறை மாறிய பின்னரும், 1656-இல் எலிசபெத் விடுதலை பெற்றுக் கிரின்ஸ்டெட்டை மணந்தார்.

அவர் திறந்த வாயில்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை அடிமையா, சுதந்திரரா என்னும் ஐயத்தைத் தீர்ப்பதாகக் கூறி 1662-இல் இயற்றப்பட்ட சட்டம், தாயின் நிலையே சேயின் நிலை என்றது. திருமுழுக்கு அடிமைத்தளையை நீக்காது என 1667-இல் மற்றொரு சட்டம் அறிவித்தது. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தந்தைக்குக் குழந்தையைப் பேணும் கடமை இல்லாமற்போனதோடு, தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையைத் தன் உடைமையாகவே வைத்துக்கொள்ள உரிமையாளனுக்கு வழி பிறந்தது. அப்பெண்ணின் மகப்பேறே அவனுக்கு வருவாயாயிற்று. பிறவாத குழந்தைகளையும் தாயோடு சேர்த்து உயில்களில் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த வழக்கத்துக்கு இச்சட்டம் வலுவூட்டியது.

இதில் தாய்மைக்கு மதிப்பளிக்கும் நோக்கம் எதுவும் இல்லை என்பதை அண்டைக் குடியேற்றமாகிய மேரிலாந்தின் சட்டம் உணர்த்துகிறது. 1664-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமையை மணந்த வெள்ளையினப் பெண்ணைக் கணவன் வாழும் காலமெல்லாம் அவனுடைய உரிமையாளருக்கு உழைக்கச் செய்து, அவளுடைய பிள்ளைகளைத் தந்தையின் வழியில் அடிமைகளாக்கியது. தாயோ தந்தையோ, எவரைக் கொண்டால் குழந்தை உரிமையாளருக்குச் சேருமோ அவரே சட்டத்தின் கண்ணுக்குப் பெற்றோராகத் தெரிந்தார். 1681-இல் அச்சட்டம் மாற்றப்பட்ட ஆண்டிலேயே, ஐரிஷ் நெல் என அறியப்பட்ட எலினார் பட்லர் என்ற பணிப்பெண் சார்லஸ் என்னும் அடிமையை மணந்தார். அவர்களுடைய மக்களும் மக்களின் மக்களும் அடிமைகளாகவே நடத்தப்பட்டனர். எனினும் சுதந்திரப் பெண்ணின் வழிவந்தவர்கள் தாங்கள் என்னும் நினைவைத் தலைமுறைதோறும் காத்துவந்த அவ்வழித்தோன்றல்கள், முதலில் தொடுத்த வழக்கில் இறுதியில் தோற்றும் சோரவில்லை. 1787-இல் மேரி பட்லர் அதே மூதாட்டியின் பெயரால் தம் விடுதலையை வென்றார்.