இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களும் மின்னணு ஆய்வு வெளியீடும்: தமிழ் ஆய்வேடுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நூல்களையும் ஆய்விதழ்களையும் விலைக்கு வாங்கி, வகைப்படுத்தி, பாதுகாத்து, வேண்டுவோர்க்கு வழங்கும் இடமே பல்கலைக்கழக நூலகம் என்பது அச்சுக்காலத்தில் நிலவிய பொதுக்கருத்தாகும். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. இன்றைய நூலகம் பல ஆய்விதழ்களை உடைமையாக்கிக் கொள்வதில்லை. அவற்றைப் படிக்கும் உரிமையை மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குப் பெறுகிறது. மறுபுறம், தன் பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஆய்வுகளைத் தானே வெளியிடும் பொறுப்பையும் ஏற்றுள்ளது. இவ்விரு மாற்றங்களின் வரலாற்றை இந்தியச் சூழலில் எடுத்துரைத்து, அவற்றால் தமிழாய்வுக்கு விளைந்த நன்மையையும் எஞ்சியுள்ள குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுக்கால அடித்தளம்

தமிழ் நூல்களுக்கு முறையான அட்டவணை தொகுக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய அட்டவணை 1865இல் வெளிவந்தது. நூலகப் பணியை ஓர் அறிவியலாக வளர்த்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவார். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றார். நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூல் 1931இலும், கோலன் பகுப்பு முறை 1933இலும் வெளிவந்தன. பின்னர் அவர் காசி, தில்லிப் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றினார்.

ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைக் கண்டு சேர்ப்பதும், தேடுவோரின் காலத்தை வீணாக்காதிருப்பதும் நூலகத்தின் கடமைகள் என்பது அரங்கநாதன் கொள்கையின் சாரமாகும். அலமாரியில் இருந்தும் தேடுவோர் கைக்கு எட்டாத நூல், இல்லாத நூலுக்கு ஒப்பானதே. எனவே நூற்பட்டியலை நூலகத்தின் உயிர்நாடி எனலாம். இக்கருத்து மின்னணுக் காலத்திற்கு மேலும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

உடைமையிலிருந்து உரிமத்திற்கு

அச்சிதழுக்குச் சந்தா செலுத்திய நூலகம் அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும், முன்னர் வந்த தொகுதிகள் அதன் அலமாரியிலேயே நிலைத்தன. மின்னிதழ்களின் நிலை வேறு. அவை வெளியீட்டாளரின் கணினியிலேயே உள்ளன. பழைய இதழ்களுக்கான நிலையான உரிமை ஒப்பந்தத்தில் இடம்பெறாவிடில், சந்தா முடிந்தவுடன் அவையும் கைவிட்டுப் போகின்றன. அயல்நாட்டு இதழ்களின் விலையும் ஆண்டுதோறும் உயர்ந்ததால், தனித்தனி நூலகங்கள் அச்சுமையைத் தாங்க இயலவில்லை. நூலகங்கள் கூட்டாகச் சேர்ந்து வெளியீட்டாளர்களிடம் பேரம் பேசும் கூட்டமைப்புகள் இச்சூழலில் தோன்றின.

இந்தியாவில் இப்பணிக்கு அடித்தளமாக அமைந்தது இன்ஃபிலிப்நெட் மையம் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் ஒரு திட்டமாகத் தொடங்கிய இது, 1996இல் தன்னாட்சி பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான மையமாயிற்று. இம்மையத்தின் வழியே மானியக் குழுவின் மின்னிதழ்க் கூட்டமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்களை வழங்கியது. தனித்தனியே இயங்கிய கூட்டமைப்புகள் 2015இல் இணைக்கப்பட்டு 'இ-சோத்சிந்து' உருவானது. 2024 நவம்பர் 25இல் ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கச் செய்வது இதன் நோக்கமாகும்.

சிற்றூர்க் கல்லூரிக்கும் பெருநகரப் பல்கலைக்கழகத்திற்கும் இருந்த இடைவெளியை இத்திட்டம் குறைக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஆயின் இதன்வழிப் பெறப்படுபவை பெரும்பாலும் பன்னாட்டு வெளியீட்டாளர்களின் ஆங்கில இதழ்களே. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதப்படும் ஆய்வுகள் இச்சந்தாக்களின் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. அவற்றைப் பரப்புவதற்கு நூலகத்தின் மற்றொரு புதிய பணியே வழியாகிறது.

வெளியீட்டாளராகும் நூலகம்

1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்கைவ்' என்னும் இயற்பியல் முன்வரைவுக் களஞ்சியம் 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு மாறி, அதன் நூலகத்தின் பொறுப்பில் வந்தது. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கக் கொள்கையை முன்வைத்தது. அதே ஆண்டில் மாசச்சூசெட்சு தொழில்நுட்ப நிறுவன நூலகமும் எச்.பி. நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'டி-ஸ்பேஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளும் வெளிவந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002இல் அமைத்த மின்வைப்பகம் இந்தியாவின் முதல் நிறுவன வைப்பகமாகக் கருதப்படுகிறது.

தமிழாய்வை நேரடியாகத் தொட்ட மாற்றம் 2009இல் நிகழ்ந்தது. ஆய்வுப் பட்டங்களுக்கான மானியக் குழுவின் அவ்வாண்டு விதிமுறை, பட்டம் அறிவிக்கப்பட்ட முப்பது நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை அளிக்க வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டு விதிமுறையோ பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே அதனை இன்ஃபிலிப்நெட் மையத்திற்கு அளிக்கப் பணித்தது. இவ்வேடுகளைத் தாங்கும் 'சோத்கங்கா' களஞ்சியம் டி-ஸ்பேஸ் மென்பொருளில் இயங்குகிறது. மேலும், 2018இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையை ஒட்டி, ஒப்புமைச் சோதனை நடத்தும் பணியும் பல பல்கலைக்கழகங்களில் நூலகத்தின் பணியாயிற்று. இவ்வாறு ஆய்வுப் பட்டத்தின் வாயிலில் நூலகம் வந்து நின்றது.

இதற்குமுன் ஓர் ஆய்வேட்டின் சில படிகளே துறையிலும் நூலகத்திலும் இருந்தன. தில்லியில் அளிக்கப்பட்ட தமிழ் ஆய்வேட்டை மதுரையில் உள்ளவர் காண நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. இன்று எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பது பெரும்பேறேயாகும்.

தமிழ் ஆய்வேடுகளின் நிலை

ஆயினும் வைப்பகத்தில் இருப்பது வேறு. தேடுவோருக்குக் கிடைப்பது வேறு. இங்குத் தமிழுக்கே உரிய மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது எழுத்துருச் சிக்கல். ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. எனினும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்யும் வழக்கம் அதன்பின்னரும் நீடித்தது. பாமினியில் திரையில் அகரமாகத் தோன்றுவது கணினியில் 'எம்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தாகவே பதிவாகிறது. எனவே அத்தகைய கோப்பில் 'அகநானூறு' எனத் தேடினால் ஒன்றும் கிட்டாது. ஒப்புமைச் சோதனை மென்பொருளும் அதில் தமிழைக் காண்பதில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே காண்கிறது. ஆகவே அச்சோதனை தரும் விழுக்காடு அங்குப் பொருளிழக்கிறது.

இரண்டாவது, அச்சுப்படியை ஒளிவருடி ஏற்றப்பட்ட ஏடுகள். இவை வெறும் படங்களே. எழுத்துணரி கொண்டு மாற்றினாலன்றி இவற்றுள் எச்சொல்லையும் தேட இயலாது.

மூன்றாவது, தலைப்புப் பதிவு. தமிழ் ஏட்டின் தலைப்பை உரோமன் எழுத்தில் மட்டும் பதியும்போது சீர்மை குலைகிறது. ஒரே ழகரத்தைப் பலர் பலவாறு எழுதுகின்றனர். குறில் நெடில் வேறுபாடு மறைகிறது. ஒரே இலக்கியத்தின் பெயர் பல வடிவங்களில் சிதறுவதால், ஒருவகையாகத் தேடுவோருக்குப் பிறவகைப் பதிவுகள் புலப்படுவதில்லை.

இவற்றின் விளைவு ஆய்வின் அடிப்படையையே தாக்குகிறது. முன்னோர் செய்ததைக் காண இயலாத ஆய்வாளர் அதே தலைப்பை மீண்டும் எடுக்கிறார். முன்னாய்வுக்கு உரிய மதிப்பும் கிட்டாது போகிறது. தமிழகத்திற்கு வெளியே ஓரிரு ஆசிரியர்களுடன் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இவ்விழப்பு மேலும் பெரிது. அவற்றின் ஆய்வுகள் பிறரைச் சென்றடைவதற்கு வைப்பகத்தின் தேடுபெட்டியே முதன்மை வாயிலாகும்.

செய்யத்தக்கன

இவ்விடர்களைக் களையப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆய்வேட்டை ஒருங்குறியிலேயே அளிக்க வேண்டும் எனத் துறைகள் விதிக்கலாம். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றுவதற்கு மாற்றிகள் உள்ளன. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர் பெயர்கள், ஆய்வுக்கு எடுத்த நூல்கள், திறவுச்சொற்கள் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலும் சீரான உரோமன் எழுத்திலும் ஒருசேரப் பதியலாம். அகப்பொருள், துறை, திணை போன்ற கலைச்சொற்களை உணர்ந்து பதிவதற்கு நூலகர் மட்டும் போதார். தமிழ்த்துறையின் துணை இன்றியமையாதது. மானியக் குழு 'கேர்' இதழ்ப்பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுள்ளது. இந்நிலையில் தமிழ் ஆய்விதழ்களை அடையாளங்கண்டு பட்டியலிட்டுப் பேணுவதும் இக்கூட்டுப்பணியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இந்தியப் பல்கலைக்கழக நூலகம் வாங்கும் இடமாக மட்டுமின்றி வெளியிடும் இடமாகவும் மாறியுள்ளமை புலனாகிறது. ஆங்கில இதழ்களைப் பெறுவதில் அது அரசின் கூட்டுச் சந்தாவைச் சார்ந்துள்ளது. தமிழாய்வைப் பரப்புவதிலோ தன் சொந்த உழைப்பையே சார்ந்துள்ளது. கருவிகள் புதியனவாயினும், அதற்கு இன்று மிகுதியும் வேண்டப்படுவது பட்டியலிடுதல் என்னும் பழம்பணியே. ஆய்வேட்டை ஏற்றுவதோடு நூலகத்தின் கடமை முடிவதில்லை. அதனைத் தேடுவோர் கண்டடையும் நாளிலேயே அது நிறைவுறும்.